வரைபடம் முடிவாவதற்கு முன் பேசுங்கள்: சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகரச் சென்னை மாநகராட்சியின் மாமன்ற உறுப்பினர்கள் இருநூறு பேருக்கும்,

2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகர இரண்டாம் முழுமைத் திட்டத்தின் ஆயுள் 2026-உடன் முடிகிறது. 2027 தொடங்கி 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின், அதாவது சிஎம்டிஏவின், தலைமையில் உருவாகிறது. எந்த சர்வே எண்ணில் வீடு கட்டலாம், எதில் கடை வைக்கலாம், எந்தத் தெருவில் எத்தனை மாடி எழும்பலாம், ஏரிக்கரை எதுவரை என்று வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அதில் தீர்மானமாகும். உங்கள் வார்டில் இன்று பிறக்கும் பிள்ளை படித்து வேலைக்குப் போகிற வரை அந்த வரைபடத்துக்குள்தான் வளரும்.

அந்த வரைவை, அது இறுதியாவதற்கு முன், ரிப்பன் மாளிகையில் வார்டு வாரியாக எடுத்துப் பேசுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

'நகரமைப்பு சிஎம்டிஏ வேலை, எங்களுக்கு அதில் என்ன அதிகாரம்?' என்று உங்களில் பலர் கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டம் வகுப்பதும் நிலப் பயன்பாட்டை மாற்றுவதும் சிஎம்டிஏவிடமும் அரசிடமும்தான் இருக்கின்றன. ஆனால் 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் வரிசைப்படுத்தியிருக்கிறது. முதலில் நிற்பது நகரமைப்பு. இரண்டாவது, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. நீங்கள் மன்றத்தில் அதிகம் பேசும் தெருவிளக்கும் பொதுக் கழிப்பறையும் பதினேழாவது இடத்தில் வருகின்றன. அதோடு, சிறிய, நடுத்தரக் கட்டடங்களுக்கு அனுமதி தருவதும், விதிமீறலுக்கு நோட்டீஸ் ஒட்டுவதும், சீல் வைப்பதும் இன்றைக்கும் மாநகராட்சியின் கையில்தான் இருக்கின்றன. அதிகாரம் குறைவாக இருக்கலாம். பேசும் உரிமைக்கு யாரும் தடை போடவில்லை.

நீங்கள் உட்காரும் மன்றத்துக்கு இதில் பழைய உறவும் உண்டு. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தபோது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலத்தில் பூங்காவை நடுவில் வைத்து, அகலச் சாலைகளும் மனைகளும் பிரித்து எழுப்பிய புதுக் குடியிருப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இந்த நகரத்தில் முன்கூட்டியே யோசித்துக் கட்டிய பகுதிகளில் தியாகராய நகர் முக்கியமானது. அதைக் கட்டுவதற்காக நீளமான ஏரி ஒன்றைத் தூர்த்தார்கள் என்பதும் அதே வரலாற்றில் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. அன்று எடுத்த முடிவுக்கான விலையை நாங்கள் ஒவ்வொரு பெருமழைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கட்டட விதி தெருவில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க எங்கள் பக்கம் ஒரு நடை வாருங்கள். 1970-களில் கட்டிய தனி வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் அந்த வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். பிறகு தெருவுக்குத் தார் போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பது விதி. சுரண்டாமல் மேலுக்கு மேல் போட்டுக்கொண்டே போனார்கள். படிகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்குள் புதைந்தன. இன்று அதே வீட்டுக்குத் தெருவிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும்.

அடுத்த மனையில் பழைய வீட்டை இடித்து, ஸ்டில்ட் பார்க்கிங்கும் மேலே தளங்களுமாகக் கட்டுகிறார்கள். கட்டுகிறவர் இனிவரும் தார் அடுக்குகளுக்கும் சேர்த்து யோசித்துத் தரையை மூன்றடி தூக்குகிறார். கார் ஏறுவதற்கான சாய்தளம் அவர் மனைக்குள் முடிய வேண்டும். முடிவதில்லை, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, மழைநீர் வடிகாலின் மூடிக்கு மேலாகத் தெருவுக்குள் நீள்கிறது. அந்த மூடியை இனித் திறந்து தூர்வார முடியாது. முன்பு அந்த மனையில் விழுந்த மழை அங்கேயே மண்ணுக்குள் இறங்கும். இப்போது சிமென்ட் தளத்தில் விழுந்து வழிந்து பக்கத்துப் பள்ளத்து வீட்டுக்குள் நுழைகிறது.

பள்ளத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்? காசிருந்தால் வீட்டையே தூக்குகிறார். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைச் சுற்றிலும் அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, அங்குலம் அங்குலமாகத் திருகி நாலடி உயர்த்தி, இடைவெளியைக் கட்டி நிரப்புகிறார்கள். இதற்கென்றே வட மாநிலங்களிலிருந்து வந்து தொழில் செய்யும் ஒப்பந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். காசில்லாதவர் ஐப்பசி பிறந்ததும் ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைக்கிறார்.

இவ்வளவு துயரமும் ஒரே ஓர் எண் இல்லாததால் வருகிறது. ஒவ்வொரு தெருவுக்கும், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று நிரந்தரமான ஒரு மட்டத்தைக் குறித்து வரைபடத்தில் ஏற்றுங்கள். சாலை அதற்கு மேல் ஓர் அங்குலமும் ஏறக் கூடாது. கட்டட அனுமதியில் தரைத்தளத்தின் உயரத்தையும் சாய்தளத்தின் எல்லையையும் அந்த எண்ணோடு பிணைத்துவிடுங்கள். தெரு மாநகராட்சியுடையது, தார் போடும் டெண்டர் உங்கள் மன்றத்துடையது. இதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து எஃப்எஸ்ஐ. தளப் பரப்புக் குறியீடு என்று அரசாணைகளில் வருவது. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அடுக்குமாடிகளில் உயரம் குறைந்த வகைக்கு இதை 1.5-இலிருந்து 2 ஆக்கின. ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், முன்பு 3,600 சதுர அடி கட்டலாம், இப்போது 4,800. உயர்ந்த கட்டடங்களுக்கு 3.25 வரை. சாலை அகலத்தைப் பொறுத்து, பணம் கட்டினால் அதற்கு மேல் அதிகபட்சம் 50 சதவீதம் வரை வாங்கிக்கொள்ளலாம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டர் தடத்தை ஒட்டி இன்னும் உயர்த்தலாம் என்ற பேச்சும் நடக்கிறது.

மாடிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயலையும் ஏரி நீர்ப்பிடிப்பையும் தின்றுகொண்டு நகரம் ஐம்பது கிலோமீட்டர் பரவுவதைவிட, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்பது எவ்வளவோ மேல். வாடகை குறைய வேண்டுமானால் வீடுகள் கூட வேண்டும். என் கேள்வி தெருவைப் பற்றியது. ஒரு குடும்பம் இருந்த மனையில் எட்டுக் குடும்பம் வரும்போது கழிவுநீர்க் குழாயின் விட்டம் மாறியதா? வடிகால் அகலமானதா? கூடுதல் எஃப்எஸ்ஐக்காக உங்கள் வார்டில் கட்டப்பட்ட கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வளவு அதே வார்டின் குழாய்க்கும் வடிகாலுக்கும் திரும்பியது? இந்தக் கணக்கை மன்றத்தில் கேட்டு வாங்குங்கள். கணக்கு வராத வார்டில் அடுத்த உயர்வுக்குச் சம்மதிக்காதீர்கள்.

கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய திறந்த இடத்தை, செட்பேக்கை, வீணாகக் கிடக்கும் இடமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. போய்ப் பாருங்கள். ஜெனரேட்டர், ஏசியின் வெளிப்பெட்டிகள், சம்ப், இரண்டு பைக், காவலாளியின் கட்டில். வரைபடத்தில் அந்த இடம் காலியாக இருக்கும். 2017 மே 31 அன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்து ஒரு நாளுக்கு மேல் எரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நெருங்கிச் சென்று தண்ணீர் அடிக்க இடமில்லாமல் தீயணைப்பு வீரர்கள் பட்ட பாட்டை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. பண்டிகைக் கூட்டத்தின் நடுவில் அது நடக்காதது நம் அதிர்ஷ்டம். விதி இருந்தது, இடம் இல்லை.

அனுமதி வாங்கிய கட்டடம் என்றால் பத்திரம் என்ற நம்பிக்கையும் தவறு. 2014 ஜூன் 28 மாலை மழையில் போரூர் அருகே மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்த 11 மாடிக் கட்டடம் திட்ட அனுமதி பெற்றதுதான். 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்த தொழிலாளர்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் நிறைய. அனுமதிக் கோப்பு உயரத்தையும் செட்பேக்கையும் பார்த்தது. மண்ணையும் தூணையும் கம்பியையும் வேலை நடக்கும்போது போய்ப் பார்ப்பது யார் பொறுப்பு என்பது அந்தரத்தில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய சுமார் ஐம்பதடிப் பள்ளத்தின் கரை சரிந்தது. உள்ளே விழுந்த இருவரின் உடல்களை, நீரை இறைத்து இறைத்து, நாட்கள் கழித்துத்தான் எடுக்க முடிந்தது. புயல் வருவதாக எச்சரிக்கை இருந்தது. நிரப்பாத, தாங்கு சுவர் இல்லாத ஆழப் பள்ளங்களின் பட்டியல் ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் இருக்க வேண்டாமா? செப்டம்பர் முடிவதற்குள் அந்தப் பட்டியலை உதவிப் பொறியாளரிடம் கேட்டு வாங்குவது ஒரு கவுன்சிலர் செய்யக்கூடிய காரியம்தான்.

விதியை மீறியவருக்கு என்ன ஆகிறது என்ற கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் சீர்கேட்டுக்கும் அதுதான் ஊற்று. 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். விதிமீறிக் கட்டியவர்கள் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ளலாம், இந்த ஒருமுறை மட்டும் என்றார்கள். கெடு 1999 பிப்ரவரி. பிறகு 2000, 2001, 2002 என்று கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் முறையை ஏற்று, நீட்டிப்புகளை ரத்து செய்தது. அதற்கும் பின் 113-சி வந்தது. 2017-இல், 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு மறுபடியும் வரன்முறைத் திட்டம். இவ்வளவையும் பார்த்த ஒரு புரோமோட்டர் என்ன கற்றுக்கொள்வார்? கூடுதலாக ஒரு தளம் போடு, விற்றுவிடு, வாங்கியவர் நோட்டீஸைப் பார்த்துக்கொள்ளட்டும். வரைபடப்படி கட்டியவர்தான் ஏமாளியாக நிற்கிறார். நோட்டீஸ் வரும்போது புரோமோட்டர் அங்கு இருப்பதில்லை. ஓய்வூதியப் பணத்தைப் போட்டு ஃபிளாட் வாங்கியவர் இருப்பார்.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டும் இடத்திலேயே மக்கள் பார்க்க வைக்க வேண்டும். பணிநிறைவுச் சான்று இல்லாமல் குடியேற்றக் கூடாது. அந்தச் சான்றுக்குப் பிறகுதான் மின்சாரமும் தண்ணீரும். இதில் முதலாவது உத்தரவு மட்டும் உங்கள் வார்டில் முழுமையாக அமலானாலே போதும், தெருவில் போகிற எவரும் மாடியை எண்ணிப் பார்த்துக் கேட்டுவிடலாம். எண்ணத் தெரிந்த மக்கள்தான் நாங்கள். எதோடு ஒப்பிட்டு எண்ணுவது என்றுதான் தெரிவதில்லை.

கண்டிப்பைப் பற்றி இவ்வளவு சொன்னபின், கண்டிப்பு யார் மீது என்றும் சொல்ல வேண்டும். காசிமேட்டிலும் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் அரைக் கிரவுண்டுக்கும் கீழான மனைகளில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்கள், இன்றைய விதிப்படி முன்னால், பின்னால், பக்கத்தில் இடம் விட்டால் மிச்சம் ஒரு கட்டில் போடவே இடம் தேறாது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் மேலே ஓர் அறை போடுகிறார்கள். அது விதிமீறல் ஆகிறது. யாராவது வந்து மிரட்டிக் காசு வாங்கிப் போகிறார்கள். 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்டுபவர்களுக்கு அலைச்சலைக் குறைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பட்டா தெளிவாக இல்லாதவருக்கும், இரண்டாவது தளம் தேவைப்படுகிறவருக்கும் அந்தக் கதவு திறக்காது. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுவதைத் தொடர் கட்டடப் பகுதி என்று விதியே ஏற்கிறது. அதே வழியை வடசென்னையின் நெருக்கமான தெருக்களுக்கும் விரித்து, கூடவே தெருமுனையில் தீயணைப்புக் குழாய், நடுவே வெளிச்சத்துக்கு ஒரு முற்றம், தூணுக்கும் தளத்துக்கும் பொறியாளரின் இலவசப் பரிசோதனை என்று சேர்த்தால், அந்த வீடுகள் சட்டத்துக்குள் வரும். நானூறு சதுர அடிக்காரரையும் நாற்பது மாடிக்காரரையும் ஒரே நோட்டீஸ் படிவத்தால் அளக்காதீர்கள்.

விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் ஒன்று இருக்கிறது, நீர் நிற்கும் நிலம். பள்ளிக்கரணைச் சதுப்பு ஒருகாலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் என்பார்கள். சாலை, ரயில், குப்பைக் கிடங்கு, கல்வி நிறுவனங்கள், மென்பொருள் வளாகங்கள் என்று எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு, 2022-இல் ராம்சார் தலமானபோது பதிவான பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். வேளச்சேரி ஏரி 265 ஏக்கரிலிருந்து 55 ஏக்கராகச் சுருங்கியது. அதில் அரசு வாரியங்களே வீடு கட்டிய நிலமும் அடக்கம். ஆக்கிரமிப்பு என்றதும் குடிசைகளைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. வரைபடத்தில் நிறம் மாற்றி, கையெழுத்துப் போட்டு, சட்டப்படி நடந்த இழப்பு அதைவிடப் பெரிது.

2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தர வேண்டாம் என்றது. சதுப்புக்கு அது தேவைதான். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனை வாங்கி வங்கிக்கு மாதத் தவணை கட்டும் குடும்பங்களும் மாட்டிக்கொண்டன. சர்வே எண் வாரியாக எல்லையை அன்றே வரைந்து, வில்லங்கச் சான்று எடுக்கும்போதே தெரியும்படி செய்திருந்தால், அவர்கள் அந்த மனையை வாங்கியே இருக்க மாட்டார்கள். பெருங்குடி, சோழிங்கநல்லூர் மண்டலங்களின் உறுப்பினர்களே, உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்: தெளிவான எல்லை பறவைக்கு மட்டுமல்ல, வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு. மூன்றாம் முழுமைத் திட்டத்தில் அந்தக் கோடு சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழ வேண்டும்.

இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு 2003-ஐ நினைவுபடுத்துகிறேன். எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அந்த ஆண்டு அவசரச் சட்டம் வந்தது. கெடு வைத்தார்கள், வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். தெருவுக்குத் தெரு குழாயும் கூழாங்கல்லும் இறங்கின. அடுத்து வந்த நல்ல மழையில் கிணறுகளில் தண்ணீர் ஏறியதை நாங்கள் கயிற்றின் நீளத்தில் உணர்ந்தோம். கட்டட விதி ஒன்று இந்த நகரத்துக்குக் கையில் தந்த நன்மை அது. விதி எளிதாக இருந்தது, எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, யாரோ ஒருவர் வந்து பார்த்தார்.

உறுப்பினர்களே, 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. அங்கே குப்பைத் தொட்டியையும் நாய்த் தொல்லையையும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அடுத்த பகுதி சபைக்கு வரும்போது உங்கள் வார்டின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டுங்கள், தமிழில். எங்கள் தெரு என்ன நிறத்தில் இருக்கிறது, எந்த நிறத்துக்கு மாறப்போகிறது என்று நாங்கள் பார்க்க வேண்டும். நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு ஆட்சேபணை கேட்டுச் செய்தித்தாளின் மூலையில் சர்வே எண்ணோடு வரும் விளம்பரம் எங்களில் யாருக்கும் புரிவதில்லை. அதை அந்தந்தத் தெருவிலேயே ஒட்டச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் போடுங்கள். பெறுகிற கருத்துகளைத் தொகுத்து, வார்டு எண்ணோடு சிஎம்டிஏவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். தெரு மட்டம், வார்டு வாரியான எஃப்எஸ்ஐ கட்டணக் கணக்கு, கட்டும் இடத்தில் வரைபடம், இனி வரன்முறை நீட்டிப்பு கேட்பதில்லை என்ற உறுதி, சிறு மனைகளுக்குத் தனி விதி, நீர்நிலை எல்லை ஆகியவற்றை அடுத்த மாமன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேருங்கள். கட்சி பார்க்காமல் கையெழுத்துப் போட ஏற்ற விஷயங்கள் இவை. அன்றைக்குப் பார்வையாளர் மாடத்தில் எங்களுக்கும் இடம் கொடுங்கள், வந்து உட்காருவோம்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்தில் சொத்துவரி கட்டும் ஒருவர்